இயற்கை நிலைக்குப் பதினாறு நாற்காலிகள்

மனிதன் ஆதியில் எப்படி இருந்தான் என்று கண்டுபிடிப்பதற்காக எட்டுக் கனவான்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள். அவர்களோடு பதினாறு நாற்காலிகள் வந்தன. எட்டு, உட்காருவதற்கு. மற்ற எட்டு, பொய்முடிகளைக் கழற்றி வைப்பதற்கு. மே மாதத்து வெயிலில் தலை வேர்க்கும் என்று முன்கூட்டியே யோசித்திருந்தார்கள். ஆராய்ச்சி என்றால் எல்லாவற்றையும் முன்கூட்டியே யோசித்துவிட வேண்டும். முடிவையும் சேர்த்து.

எங்கள் ஊர் வித்தர்மியர். சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நாற்பது வீடு, ஒரு தேவாலயம், ஒரு பீர்க்கடை. கடை என்னுடையது. என் பெயர் புரூடன்ஸ், ஊருக்கு புரூ அக்கா. இங்கே தங்கிய நாற்பது நாளும் அந்தக் கனவான்களுக்குப் பீரும் கறி அடைத்த அப்பமும் சுமந்து போனவள் நான்தான். இங்கே சொல்வதில் பாதி அவர்களுடைய கழகத்தின் அறிக்கையிலும் இருக்கிறது. ஆனால் அதை லத்தீனில் எழுதிவிட்டார்கள், நல்லவேளை.

எங்கள் மேய்க்காலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஊருக்குக் கிழக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் புல்லும் நாணலுமாக விரிந்து கிடக்கும் பொது மேய்ச்சல் வெளி அது. வீட்டுக்கு ஒரு மாடு, இருபது வாத்து. இருபத்தோராவது வாத்து உள்ளே போனால் மணியக்காரர் பிடித்துப் பட்டியில் அடைத்துவிடுவார். எந்த வாத்து யாருடையது என்று தெரிய, குஞ்சிலேயே அதன் கால் சவ்வில் கத்தியால் சின்னதாக வெட்டு வைப்போம். தாமசின் என்கிறவளுடைய வீட்டு வாத்துக்கு இடது காலில் மூன்று வெட்டு. என் வீட்டு வாத்துக்கு வலது காலில் ஒன்று. நாற்பது வீட்டுக்கும் நாற்பது அடையாளம். அத்தனை கால்களையும் படமாக வரைந்து வைத்த புத்தகம் ஒன்று தேவாலயப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் ஊரில் பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. அந்தப் புத்தகத்தை மட்டும் எல்லோரும் படிப்போம்.

வந்தவர்களுக்கு ‘இயற்கை நிலை ஆராய்ச்சிக் கழகம்’ என்று பெயர். தலைவர் சர் மார்மடியூக். அவருடைய மான் பூங்கா எங்கள் மேய்க்காலின் வடக்கு எல்லையில் முடிகிறது. அது அங்கே முடிவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. வேலி போட்டுச் சேர்த்துக்கொள்ள லண்டனில் மனுப் போட்டிருந்தார். நிலத்துக்கு உரிமையாளர், சட்டதிட்டம் ஏதாவது இருக்கிறதா என்று அங்கே கேட்டுவிட்டார்கள். சாதாரண மனிதர் என்றால் ஊரில் வந்து விசாரித்திருப்பார். சர் மார்மடியூக் படித்தவர். கழகம் ஆரம்பித்தார்.

கழகத்தில் இரண்டு கட்சி. தலைவரின் கட்சிப்படி ஆதி மனிதன் கடித்துக் குதறுகிற பிராணி, தலையில் தட்டி வைக்க எஜமான் வேண்டும். டாக்டர் திரிப்பின் கட்சிப்படி ஆதி மனிதன் சாது, உழைத்துச் சாப்பிடுகிறவன், சொத்துரிமை அவனுடைய பிறவிக் குணம். டாக்டர் திரிப் வாழ்நாளில் ஒரு புல்லைக்கூடப் பிடுங்கியதில்லை என்பதால் உழைப்பின் மேல் அவருக்கு மிகுந்த மரியாதை. இந்த இரண்டு கட்சியில் எது சரி என்று பார்க்க, ஒருவரையொருவர் அறியாத ஓர் ஆணையும் பெண்ணையும் மேய்க்காலில் வேலிக்குள் விட்டு, நாற்பது நாள் மறைந்திருந்து பார்ப்பது என்று தீர்மானம்.

கூலியாக ஒரு சீட்டு. ‘மேய்க்காலுக்கு என்ன நேர்ந்தாலும், இதை வைத்திருப்பவர் வீட்டு மாடும் வாத்துகளும் அவர் ஆயுள் வரை அங்கே மேயலாம்’ என்று தலைவரே கையெழுத்துப் போட்டது.

அந்தச் சீட்டுக்காகத்தான் தாமசின் என் கடை வாசலில் வந்து நின்றாள். கனவான்கள் ஆள் எடுத்தது அங்கேதான்.

தாமசினுக்கு இருப்பது ஒரு பசு, பன்னிரண்டு வாத்து, ஜாபெஸ் என்கிற ஒரு புருஷன். கல்யாணமாகிப் பதினொரு வருஷம். ஆறு வாரமாகப் பேச்சில்லை. ஜாபெஸ் படல் கட்டுகிறவன். மிலாறுக் குச்சியை வளைத்து அவன் பின்னுகிற படல் வேலி இந்தச் சுற்று வட்டாரத்திலேயே பேர் போனது. கை அப்படி, வாய் கிடையாது. அதனால்தான் இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டிலிருந்த ஒரே ஆண் வாத்தைத் தூக்கித் தன் தங்கை கல்யாணப் பந்திக்குக் கொடுத்துவிட்டான். குஞ்சு பொரிக்க வழியில்லாமல் போன கோபத்தில் தாமசின் அவனைப் பட்டறையிலேயே படுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாள்.

செயலாளர் மிஸ்டர் பெல் இறகை மையில் தோய்த்துக்கொண்டு கேட்டார்.

"இந்த ஊர்ல எந்த ஆம்பளையோடயாவது உனக்குப் பழக்கம் உண்டாம்மா?"

"பேசற மாதிரி ஒருத்தனும் கிடையாதுங்க."

‘பழக்கமில்லை’ என்று எழுதிக்கொண்டார். மத்தியானம் ஜாபெஸ் வந்தான். காலையில் யார் வந்து போனார்கள் என்று அவனுக்குத் தெரியாது. சொல்லலாம் என்று நான் வாயைத் திறந்தேன். மிஸ்டர் பெல் என்னைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார்.

"உனக்குப் பொண்டாட்டி உண்டா?"

ஜாபெஸ் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டே யோசித்தான். "அதை அவளைத்தான் கேக்கணும் ஐயா. ஆறு வாரமா இல்லைன்னுதான் சொல்றா."

‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார்.

வேலிக்குப் படல்களையும் ஜாபெஸிடமே வாங்கினார்கள். தன்னுடைய இயற்கை நிலையைத் தானே பின்னிக் கொடுத்த முதல் மனிதன் அவனாகத்தான் இருப்பான். கதவு வைத்த இடத்தில் ஓர் ஊர்க்காவலரை நிறுத்தினார்கள், சுதந்திரமான மனிதர்கள் தப்பி ஓடிவிடாமல் இருக்க.

உள்ளே போவதற்கு முன் சடங்குகள் இருந்தன. ‘எனக்கு அரசன் இல்லை, சட்டம் இல்லை, மதம் இல்லை, உறவு இல்லை’ என்று மூன்று பக்கப் பத்திரம். அதில் இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கைநாட்டு வைத்து, வேதப்புத்தகத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். மீறினால் மன்னரின் நீதிமன்றத்தில் வழக்கு.

உடை விஷயத்தில் இரண்டு கட்சியும் ஒரு முழு மத்தியானம் சண்டை போட்டன. இயற்கை மனிதன் அம்மணமாக இருந்தான் என்று தலைவர். தாமசின் ஒரே வார்த்தையில், "நீங்க மொதல்ல" என்றாள். கடைசியில், இருவரும் தங்கள் துணிக்கு மேலேயே ஆட்டுத்தோலைப் போர்த்திக்கொள்வது, துணி கண்ணில் பட்டாலும் பார்வையாளர்கள் அதைப் பார்க்கவில்லை என்று கருதிக்கொள்வது என ஏகமனதாக முடிவாயிற்று.

முதல் நாள் காலை பத்து மணி. புதருக்குப் பின்னால் எட்டு நாற்காலியில் கனவான்கள், எட்டு நாற்காலியில் பொய்முடிகள். நான் பீர்ச் சாடியோடு ஓரமாக நின்றேன். மேற்கு ஓரத்திலிருந்து ஆட்டுத்தோலில் தாமசின் வந்தாள். கிழக்கு ஓரத்திலிருந்து ஆட்டுத்தோலில் ஜாபெஸ் வந்தான். நடுவில் இருவரும் நின்றுவிட்டார்கள்.

"நீ இங்க என்னய்யா பண்ற?"

"நான் இயற்கை மனுஷன். நீ என்ன புள்ள பண்ற?"

"நானும்தான்."

"நீயுமா? யாரைக் கேட்டு வந்த?"

"யாரைக் கேக்கணும்? ராஜா கிடையாது, சட்டம் கிடையாது, புருஷன் கிடையாது. சத்தியம் பண்ணிட்டுதான் வந்திருக்கேன். கிட்ட வராத!"

"நான் ஒண்ணும் வரல. நீதான் வழியில நிக்கிற."

"என் வாத்து இருந்தா இன்னேரம் ஏழெட்டுக் குஞ்சு இந்த வழியில நின்னிருக்கும். தங்கச்சி கல்யாணத்துல நல்லா மென்னீங்களா குடும்பமா? பல்லுல மாட்டலையா?"

"எனக்கு ஒரு துண்டுகூட வரல" என்று ஜாபெஸ் உண்மையைச் சொன்னான். இந்த மாதிரி நேரத்தில் உண்மையைச் சொல்வது அவனுடைய கெட்ட பழக்கம். தாமசின் குனிந்து ஒரு மண்கட்டியை எடுத்து எறிந்தாள். தோளில் பட்டு உடைந்தது.

சர் மார்மடியூக் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். "போர்! பாத்தீங்களா திரிப்? நேருக்கு நேர் பாத்து அரை நிமிஷம் ஆகல. போர்!"

மிஸ்டர் பெல் எழுதினார்: ‘முதல் ஆணும் முதல் பெண்ணும் சந்திப்பு. பொருளற்ற ஒலிகள். உடனே போர். காரணம் எதுவும் இல்லை.’

நான் பொறுக்க முடியாமல் சொன்னேன். "ஐயா, அவங்க வாத்தைப் பத்திச் சண்டை போடறாங்க."

"இயற்கை நிலையில மொழி கிடையாதும்மா. நீ கேட்டது சத்தம்."

"அவங்க புருஷன் பொண்டாட்டிங்க."

"இயற்கை நிலையில கல்யாணமும் கிடையாது. ஊர்க்காரங்க சாட்சியைக் கழகம் ஏத்துக்கறதில்ல. நீங்கல்லாம் சமுதாயத்துல வாழ்ந்து கெட்டுப் போனவங்க. இன்னும் கொஞ்சம் பீர் ஊத்து."

இயற்கை மனிதர்கள் ஓக் கொட்டைகளைப் பொறுக்கித் தின்ன வேண்டும் என்பது விதி. மே மாதத்தில் ஓக் கொட்டை கிடைக்காது. போன வருஷத்துக் கொட்டையை மூட்டையாகத் தலைவரின் பன்றித் தொழுவத்திலிருந்து கொண்டு வந்து இறைத்தார்கள். தாமசின் பொறுக்கிய கொட்டை அவளுக்குச் சொந்தமாவது பொறுக்கும்போதா, மெல்லும்போதா, விழுங்கும்போதா என்று டாக்டர் திரிப் மூன்று நாள் கவனித்தார். அவள் மென்று பார்த்துத் துப்பிவிட்டாள். அந்த நிலைமைக்கு அவருடைய கொள்கையில் இடமில்லை. ஆகவே அது பதிவாகவில்லை. நான் படல் இடுக்கில் தள்ளிய அப்பத்தை அவள் தின்றதும் பதிவாகவில்லை. பாதியைப் பிய்த்து, ஒன்றும் பேசாமல், அந்தப் பக்கமாக உட்கார்ந்திருந்தவன் எட்டி எடுக்கிற தூரத்தில் ஒரு கல்லின் மேல் வைத்தாளே, அதைக் கழகத்தில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை. போர் நடப்பதாகத் தலைவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

ஒன்பதாம் நாள்தான் வாத்துகள் வந்தன.

எங்கள் ஊர்ப் படலில் அடிப்பக்கம் ஒரு சாண் சந்து விட்டுத்தான் பின்னுவார்கள். மாடு தாண்டக் கூடாது, வாத்து நுழைய வேண்டும். ஜாபெஸ் பழக்க தோஷத்தில் இயற்கை நிலைக்கும் அப்படியே பின்னிவிட்டான். தாமசினைத் தேடி அவளுடைய வாத்துகள் பன்னிரண்டும் வரிசையாக உள்ளே நுழைந்தன. டாக்டர் திரிப் ஒன்றைப் பிடித்துக் காலைத் திருப்பிப் பார்த்தார். இடது காலில் மூன்று வெட்டு. இன்னொன்றைப் பிடித்தார். அதே மூன்று. பன்னிரண்டையும் பார்த்து முடித்தபோது அவர் கண்ணில் நீர் நின்றது.

"சர் மார்மடியூக்... பாருங்க. எந்த மனுஷன் கையும் படாத பறவை. பிறக்கும்போதே இயற்கை முத்திரை குத்தி அனுப்பியிருக்கு. என்னுது, உன்னுதுங்கற நியாயம் சட்டத்துக்கு முன்னாலயே வாத்துக் கால்ல எழுதியிருக்கு!"

சர் மார்மடியூக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். எங்கள் ஊருக்கு அவர் அதுவரை மூன்று முறைதான் வந்திருக்கிறார். வாத்தை அவர் பார்த்ததெல்லாம் தட்டில். தட்டில் வரும்போது அதற்குக் கால் இருப்பதில்லை.

"அதிசயம்தான்" என்று ஒத்துக்கொண்டார்.

நான் மறுபடி வாயைத் திறந்தேன். மிஸ்டர் பெல் மறுபடி விரலை உதட்டில் வைத்தார். சரி, எனக்கென்ன வந்தது என்று பீரை ஊற்றினேன்.

டாக்டர் திரிப் இரண்டே நாளில் முப்பத்திரண்டு பக்கத்துக்கு ஒரு நூல் எழுதினார். தலைவரின் செலவில் அச்சிட லண்டனுக்குப் போயிற்று. முதல் பக்கத்தில், ‘இந்த அடையாளங்கள் பிறவியிலேயே அமைந்தவை என்று என் கண்ணால் கண்டேன்’ எனத் தலைவரின் சான்றிதழ். சமர்ப்பணம் ஒரு பேராயருக்கு.

பதினேழாம் நாள் மழை பிடித்தது. கனவான்கள் என் கடைக்குள் வந்து கணப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். அன்று முதல் நான்கு நாளுக்கு மிஸ்டர் பெல்லின் குறிப்பேட்டில், ‘மழை. இயற்கை நிலை நடைபெறவில்லை’ என்று மட்டும் இருக்கிறது.

நடைபெற்றது. நான் தோல் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு மத்தியானச் சாப்பாட்டோடு போனேன். ஜாபெஸ் வேலியிலிருந்து நான்கு படலைப் பிடுங்கிச் சாய்த்துக் குடிசை போட்டிருந்தான். உள்ளே தாமசின் உட்கார்ந்திருந்தாள். அவன் வெளியே மழையில் நின்றுகொண்டிருந்தான்.

"உள்ள வாய்யா. செத்துக்கித்துத் தொலைச்சா உன் அண்ணனுக்கு நான் பதில் சொல்லணும்."

"நீ கிட்ட வராதன்னு சொன்னியே."

"சொன்னது பதினேழு நாளைக்கு முந்தி."

அவன் குனிந்து உள்ளே போனான். நான் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் சாடியின் மூடி சரியாக இல்லை, அதைச் சரிசெய்ய நேரமாயிற்று.

"பந்தியில கறி இல்ல, தாமசின். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்து உக்காந்துட்டாங்க. தங்கச்சி அடுப்படியில முகத்தை மூடிக்கிட்டு அழுதா. உன்கிட்ட ஓடி வந்து கேட்டிருக்கணும். நீ இல்லைன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு பயந்துட்டேன்."

"நான் இல்லைன்னு சொல்லியிருப்பேனா?"

அவன் ஆட்டுத்தோலின் ஈர முனையை முறுக்கினான்.

"சொல்லியிருப்பேன்தான்" என்றாள் அவளே. "அப்புறம் நானே தூக்கிட்டு வந்து குடுத்திருப்பேன். என்னைக் கேக்காமப் போனியே, அதுதான்யா. சரி, இந்த ஓக் கொட்டையைத் தின்ன எதுக்கு நீ கைநாட்டு வெச்ச?"

"சீட்டுக்குத்தான். வேலி போட்டுருவாங்கன்னு ஊரே சொல்லுது. உன் மாடும் வாத்தும் எங்க போகும்? சீட்டை வாங்கி உன் கதவு இடுக்குல சொருகிட்டுப் போயிடலாம்னு..."

தாமசின் அவன் தலைமேல் இருந்த ஆட்டுத்தோலைப் பிடுங்கி, ஈரத்தைப் பிழிந்து, அதனாலேயே அவன் தலையை அழுத்தித் துவட்டினாள். துவட்டினாள் என்றால், கழுத்தே கழன்றுவிடும்போலத் துவட்டினாள். சாடி மூடி சரியாகிவிட்டது. நான் கிளம்பினேன்.

மழை விட்டதும் கனவான்கள் திரும்பி வந்து பார்த்தால், முதல் பெண்ணின் மடியில் முதல் ஆணின் கால். அவள் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கொத்திவிட்ட மண்ணில் முட்டைக்கோஸ் நாற்று, நான் கொண்டுபோய்க் கொடுத்ததுதான். கழகத்தில் பெரும் குழப்பம். போர் எங்கே போயிற்று? ஒப்பந்தம் நடந்திருக்க வேண்டும், யார் யாரிடம் உரிமைகளை ஒப்படைத்தது, எப்போது, எந்த நிபந்தனையில்? தவறவிட்டதற்காக மிஸ்டர் பெல்லைத் தலைவர் கடிந்துகொண்டார்.

"உனக்கு ஏதாவது தெரியுமாம்மா?" என்று முதல் தடவையாக என்னைக் கேட்டார்கள்.

"அவன் ‘பயந்துட்டேன்’னான். இவ தலையைத் துவட்டினா. அவ்வளவுதாங்க."

‘ஆண் அச்சத்தினால் சரணடைந்தான்’ என்று தலைவர் எழுதச் சொன்னார். ‘பெண் உழைப்பைச் செலுத்தி ஆணைச் சொத்தாக்கிக்கொண்டாள்’ என்று டாக்டர் திரிப் எழுதச் சொன்னார். மிஸ்டர் பெல் இரண்டையும் எழுதினார்.

முப்பத்தொன்பதாம் நாள் லண்டனிலிருந்து அச்சான நூல்கள் மூட்டையாக என் கடைக்கு வந்து இறங்கின. ஒன்றை எடுத்துப் பாதிரியாரிடம் படித்துச் சொல்லச் சொன்னேன். லத்தீனிலிருந்து எங்கள் பேச்சுக்கு மாற்றிச் சொல்லச் சொல்ல, அவர் சிரித்துச் சிரித்து, சாய்ந்துகொள்ளச் சுவர் தேடினார். அவர் சிரிப்பு நின்றது பத்தொன்பதாம் பக்கத்தில். அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துக் காட்டினார். நான் அன்று சாப்பாட்டோடு அதையும் தாமசினிடம் கொண்டு போனேன். அவள் முள்ளங்கியைக் கடித்துக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னாள். "ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுக்கா. நாளைக்குக் கூட்டத்துக்கு வாத்துங்களோட வரணும்."

நாற்பதாம் நாள் என் கடை முற்றத்தில் கூட்டம். ஊரே வந்திருந்தது. ஊரின் எழுநூற்றுச் சொச்சம் வாத்துகளும் வந்திருந்தன. விருந்துக்கு ஏற்பாடு என்று நினைத்துத் தலைவர் மகிழ்ந்தார். எழுந்து பேசினார்.

"அன்பர்களே! மழை நாட்கள் நீங்கலாக, சாப்பாட்டு நேரம் நீங்கலாக, ஓய்வு ஒழிச்சலில்லாமல் ஆராய்ந்தோம். இந்த வெளியில் அரசன் இல்லை. சட்டம் இல்லை. ஆகவே அமைதி இல்லை. இரண்டே பேரை விட்டோம், முதல் நாளே மண்கட்டி பறந்தது. நாற்பது வீட்டார் இத்தனை நூற்றாண்டுகளாக இங்கே உயிரோடு இருக்கிறீர்கள் என்பதை என்னால் நம்பவே முடியவில்லை. உங்களை உங்களிடமிருந்து காப்பாற்ற ஓர் எஜமான் தேவை. அந்தப் பாரத்தை, என் பூங்கா பக்கத்திலேயே இருக்கிற ஒரே காரணத்தால், நான் சுமக்கச் சம்மதிக்கிறேன்."

டாக்டர் திரிப் எழுந்தார். "தலைவரிடமிருந்து நான் அடியோடு மாறுபடுகிறேன்" என்றார். ஊர் கைதட்டியது. "மனிதன் சாது. எவன் உழைப்பு மண்ணில் கலந்ததோ, மண் அவனுக்கே சொந்தம்!" ஊர் இன்னும் பலமாகக் கைதட்டியது. "இங்கே உழைத்தவர்கள் இந்த இருவர். இவர்களைக் கூலிக்கு அமர்த்தியது கழகம். என் சமையல்காரி சுடுகிற ரொட்டி என் ரொட்டி. ஆகவே இவர்களுடைய முட்டைக்கோஸ் கழகத்தின் முட்டைக்கோஸ். அதைச் சுற்றியுள்ள மண்ணும் கழகத்துடையது. கழகத்தை நடத்தும் தலைவர் அதைத் தன் பூங்காவோடு சேர்த்துக்கொள்வதே இயற்கை நியாயம்."

இரண்டு கட்சியும் எந்தக் காரணத்துக்காக வேலி போடுவது என்பதில் மேலும் ஒரு மணி நேரம் மோதின. வேலி எங்கே என்பதில் கருத்து வேறுபாடு எழவில்லை.

தாமசின் முன்னால் வந்தாள். ஜாபெஸ் பின்னால் வந்தான். இருவர் தோளிலும் இன்னும் ஆட்டுத்தோல்.

"ஐயா, எங்க சீட்டு?"

சர் மார்மடியூக் வருத்தமாகப் பார்த்தார். "அம்மா, அந்தச் சீட்டை நான் யாருக்குக் குடுத்தேன்? இயற்கை நிலையில இருக்கற ரெண்டு பேருக்கு. அங்க நீதிபதி கிடையாது. நீதிபதி இல்லாத இடத்துல வாக்கு எப்படிச் செல்லும்? நீயே யோசிச்சுப் பாரு. இது உனக்கு ஒரு பாடமா இருக்கட்டும்னுதான் சொல்றேன்."

ஜாபெஸின் காது சிவந்தது. தாமசின் அவன் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"சரிங்கய்யா. சீட்டு போகட்டும். டாக்டர் ஐயாகிட்ட ஒண்ணு கேக்கறேன். வாத்துக் கால்ல இருக்கறது இயற்கையே போட்ட குறிதானுங்களே?"

"சந்தேகமே இல்லை! அச்சிலேயே வந்தாச்சு."

"பெரிய ஐயாவும் கண்ணால பாத்தீங்க."

"பாத்தேன்" என்றார் தலைவர்.

"பத்தொன்பதாம் பக்கத்துல என்னமோ எழுதியிருக்காமே. பாதிரியார் ஐயா, படிங்க."

பாதிரியார் படித்தார். "‘எந்தப் பறவையின் காலில் இயற்கை ஒருவரின் குறியை இட்டதோ, அந்தப் பறவை மேயும் புல்லையும் இயற்கை அவருக்கே எழுதி வைத்தது. இதை மனிதச் சட்டம் எதுவும் மாற்ற முடியாது.’"

"அந்தப் பன்னிரண்டு வாத்தும் கழகத்துதுன்னு நெனச்சு எழுதிட்டீங்க போல" என்றாள் தாமசின். பிறகு திரும்பி, "தூக்குங்க!" என்றாள்.

நாற்பது வீட்டாரும் ஆளுக்கொரு வாத்தைத் தூக்கிக் காலை விரித்துக் காட்டினார்கள். இடது மூன்று. வலது ஒன்று. இடது இரண்டு வலது இரண்டு. விளிம்பில் ஒன்று நடுவில் ஒன்று. நாற்பது குறி. வாத்துகள் போட்ட கூச்சலில் டாக்டர் திரிப் முணுமுணுத்தது யாருக்கும் கேட்கவில்லை.

"உங்க நூல்படி முழு மேய்க்காலும் எங்களுது. இயற்கையே எழுதி வெச்சிருக்கு."

"இல்லம்மா, இது... இதுல ஏதோ... இதை யாரோ வெட்டியிருக்காங்க!" என்று கத்தினார் சர் மார்மடியூக்.

"நான்தான் ஐயா" என்றான் ஜாபெஸ். இடுப்பிலிருந்து வாத்துக் கத்தியை எடுத்துக் காட்டினான். உண்மையைச் சொல்கிற அந்தக் கெட்ட பழக்கம் அன்றுதான் முதல்முறையாகச் சரியான நேரத்தில் வந்தது. "ஊர் விதிங்க. மணியக்காரர் சொன்னபடி வெட்டணும். வீட்டுக்கு இருபது. நூற்று அறுபது வருஷத்துப் புத்தகம் தேவாலயத்துல இருக்கு. கொண்டு வரட்டுமா? லண்டன்ல கேட்டாங்களாமே, இங்க சட்டதிட்டம் ஏதாவது இருக்கான்னு."

முற்றத்தில் வாத்துகள் மட்டும் பேசின. வெட்டு இயற்கையுடையது என்றால் நிலம் எங்களுடையது. வெட்டு எங்களுடையது என்றால் சட்டம் இருக்கிறது, அப்போதும் நிலம் எங்களுடையது. அதோடு, பேராயருக்குச் சமர்ப்பணம் செய்த ஐந்நூறு பிரதிகளும் தலைவரின் கண்ணும் பொய்.

"நூலை எரிச்சிடலாம்" என்றார் சர் மார்மடியூக், மெல்ல.

"பேராயருக்கான பிரதி நேத்தே போயிடுச்சு" என்றார் மிஸ்டர் பெல்.

எட்டுப் பேரும் என் கடைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மூன்று மணி நேரம், நாலு சாடி. வெளியே வந்து தீர்மானத்தைப் படித்தார்கள். வித்தர்மியர் வாத்துகளின் அடையாளம் இயற்கையானது என்பதில் கழகம் உறுதியாக இருக்கிறது. ஆனால் வித்தர்மியர் மனிதர்கள் ஒருவரோடொருவர் நீண்ட காலம் பழகிக் கெட்டுப்போனவர்களாதலால், ஆராய்ச்சிக்கு ஏற்றவர்கள் அல்லர். மனு திரும்பப் பெறப்படுகிறது. கழகம் தன் பணியை அமெரிக்காவில் தொடரும்.

"அங்க எவ்வளவோ நிலம் சும்மா கிடக்கு" என்றார் டாக்டர் திரிப், உற்சாகம் திரும்பியவராக.

"யாரும் இல்லையா அங்க?" என்று கேட்டாள் தாமசின்.

"இருக்காங்க, இருக்காங்க. நிறைய. ஆனா எல்லாரும் இயற்கை நிலையில."

"யாரு சொன்னா?"

அந்தக் கேள்வி அவருக்குப் புரியவில்லை. புன்னகை செய்தார்.

அடுத்த வாரம் இரண்டு வண்டிகள் துறைமுகத்துக்குக் கிளம்பின. முதல் வண்டியில் பதினாறு நாற்காலிகள், கால்கள் மேலே பார்க்க அடுக்கியிருந்தார்கள். இரண்டாவதில் படல்கள். இயற்கை நிலைக்கு வேலி அவசியம் என்பதால் அறுபது படல் புதிதாக ஜாபெஸிடம் வாங்கியிருந்தார்கள். அதற்கு ஈடாக அவன் கேட்டு வாங்கியது, தலைவரின் பண்ணையிலிருந்து ஓர் ஆண் வாத்து. இந்த முறை தாமசினைக் கேட்டுவிட்டுத்தான் வாங்கினான். அவளே போய்ப் பார்த்துப் பொறுக்கி எடுத்தாள்.

அந்த வாத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் என் கடை வாசலில் நின்று வண்டிகள் போவதைப் பார்த்தாள். ஜாபெஸ் பக்கத்தில் நின்றான். படல் வண்டி கடைசியாகத் திருப்பத்தில் ஆடி ஆடிப் போயிற்று.

"ஏய்யா" என்றாள். "அந்தப் படல்ல அடியில சந்து விட்டுத்தானே பின்னின?"

"ஆமா. எப்பவும்போல ஒரு சாண்."

"நல்லது" என்றாள் தாமசின். வாத்தின் இடது காலைப் பிடித்து அவன் பக்கம் நீட்டினாள். அவன் கத்தியை எடுத்தான்.